கேள்வி எழுதினவன் கையில் கிடைத்தால்

மறுபடியும் சிவப்பு.

தாணுமாலயன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். திரையில் 'தவறான விடை' என்று இருந்தது. எங்கே தவறு, ஏன் தவறு என்று ஒரு சொல் இல்லை.

"இந்தக் கேள்விய எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சாம்னா..."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த சுயம்பு திரும்பாமலே கேட்டான். "கிடைச்சா என்ன அண்ணாச்சி செய்வீங்க?"

"சட்டையப் பிடிச்சு, நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரியாதால உனக்குன்னு கேப்பேன்."

"கேளுங்க அண்ணே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான் எழுதினேன்."

வாசலில் மெர்லின் நின்றாள்.

சுயம்பு வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் எதையோ தேடினான்.

அது நாகர்கோவிலில் ஒரு சர்பத் கடையின் மாடி. புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள சிலர் அங்கே வருவார்கள். மெர்லின்தான் ஆசிரியர். இருபத்து மூன்று வயது. தாணுவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். முதல் வாரம் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டார். கேலி எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

அவர்கள் பயிற்சி செய்வது ஓர் இணையதளத்தில். தளம் ஒரு கேள்வி கொடுக்கும். அதற்குப் புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும். மெஷின் சோதித்துப் பார்த்துப் பச்சை காட்டும், இல்லாவிட்டால் சிவப்பு. கேள்வியை யார் எழுதியது என்று போட்டிருக்காது. அதனால் எல்லாரும் தாராளமாகத் திட்டுவார்கள். தாணு கொஞ்சம் கூடுதலாகத் திட்டுவார்.

"நீங்கன்னு தெரியாது டீச்சர்," என்றார் தாணு. "ஆனா சொன்னது சொன்னதுதான்."

"எதுல இடிக்கி?"

அவர் திரையைக் காட்டினார். 'ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் தரப்படும். இரண்டாவது உயர்ந்த மதிப்பெண்ணைக் கண்டுபிடி.' அவ்வளவுதான் கேள்வி.

"ரெண்டு பேரு தொண்ணூறு. ஒருத்தன் எண்பத்தஞ்சு. ரெண்டாவது மார்க்கு எது? எண்பத்தஞ்சுன்னு நான் அனுப்புனேன். சிவப்பு. ரெண்டாவது தொண்ணூறா? அத எங்க சொல்லியிருக்கீங்க?"

மெர்லின் கேள்வியைப் படித்தாள். தன் கேள்விதான், ஆனாலும் முதல் தடவை படிப்பவள் போலப் படித்தாள்.

"சொல்லல," என்றாள்.

"அப்ப?"

"அப்ப நீங்க ஒண்ணு எழுதுங்க."

"நானா?"

"அதச் சொல்லத்தான் மேல வந்தேன். அதுக்குள்ள சட்டையப் பிடிச்சிட்டீங்க." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அடுத்த வாரம் நான் பெங்களூருக்குப் போறேன். வேற வேலை. இந்தத் தளத்துக்குக் கேள்வி எழுத இனி ஆள் வேணும். தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்கன்னு தளத்துக்காரங்க என்கிட்ட கேட்டாங்க. உங்க பேரச் சொன்னேன்."

தாணு உட்கார்ந்துவிட்டார்.

"நான் பத்தாங் கிளாஸ் தாண்டல டீச்சர்."

"பட்டம் கேக்க மாட்டாங்க. ஒரு கேள்வி அனுப்பணும். அத வச்சுத்தான் எடுப்பாங்க. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"ஏன் நானு?"

"என் கேள்வியத் திட்டுத எல்லாரும் கடைசியில விடையத் திருத்திட்டுப் போயிருவாங்க. நீங்க மட்டுந்தான் கேள்வியத் திருத்தச் சொல்லுதீங்க."

தாணு முன்பு வடசேரியில் ஒரு 'கால் ஆட்டோ' ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்தார். யாராவது கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கும் ஆட்டோவை அனுப்புவார். பிறகு ஆட்டோ பிடிக்கச் செல்போனில் ஆப் வந்தது. போன் நின்றது. ஆபீசும் நின்றது. இந்த மாடிக்கு வர ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எப்போது வேலை கிடைக்கும் என்று வீட்டில் மனைவி சொர்ணம் கேட்பதில்லை. கேட்டுத் தொலைத்தால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

இது வேலை. கிடைத்தால் வேலை.

"எழுதுதேன்," என்றார். "ஒருத்தனும் வாயத் திறக்க முடியாத மாதிரி எழுதுதேன்."

"எழுதுங்க," என்று மெர்லின் கீழே போய்விட்டாள்.

அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாக எழுதியது.

'ஒரு ரோட்டில் சிலர் ஆட்டோவுக்கு நிற்கிறார்கள். ஆட்டோ ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவரை முதலில் ஏற்ற வேண்டும். எந்த வரிசையில் ஏறுவார்கள்?'

பார்த்தார். அழகாக இருந்தது. சுயம்புவைக் கூப்பிட்டார்.

சுயம்பு படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பக்கத்துலன்னா எதுக்குப் பக்கத்துல? ஸ்டாண்டுக்கா, ஆட்டோவுக்கா?"

"ஆட்டோ இப்ப எங்க நிக்கோ அதுக்கு. ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நிக்கவன் ஸ்டாண்டுக்கே நடந்து வந்திருவாம்லா?"

"அத எழுதலியே."

"இதையெல்லாமா எழுதணும்?"

"நீங்கதான காலைல சட்டையப் பிடிச்சீங்க."

தாணு அதை எழுதினார்.

"ஒருத்தன இறக்கிவிட்டுட்டு அடுத்தவனா? இல்ல எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கிடலாமா?"

"அள்ளிப் போட்டுக்கிடலாம். ஷேர் ஆட்டோல."

"ஷேர்னு எங்க இருக்கு?"

தாணு பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினார்.

"வடக்க ஒருத்தன், தெக்க ஒருத்தன். ரெண்டு பேரும் ஒரே தூரம். யாரு முதல்ல?"

"யாரு முதல்ல போன் பண்ணினானோ அவன்."

"போனா?" சுயம்பு திரையைப் பார்த்தான். பிறகு தாணுவைப் பார்த்தான். "போன் எங்கேருந்து அண்ணாச்சி வந்து?"

தாணு திரையை மேலும் கீழும் பார்த்தார்.

கேள்வியில் போன் இல்லை. நின்றவர்கள் இருந்தார்கள், ரோடு இருந்தது, ஆட்டோ இருந்தது. போன் அவர் காதில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஆபீசில் அதுதான் முறை. இரண்டு பேர் சமதூரம் என்றால் முதலில் கூப்பிட்டவருக்கு வண்டி. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவரும் யாருக்கும் சொன்னதில்லை.

"நீ உன் எடத்துக்குப் போல," என்றார். "நான் கூப்பிடுதேன்."

இந்தத் தடவை அவர் ஒன்றையும் விடவில்லை. ரோடு நேர் ரோடு. வளைவு கிடையாது. ஆட்டோவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறியவர் இறங்க மாட்டார். நிற்பவர் நகர மாட்டார். மழை வந்தாலும் நகர மாட்டார். பெட்ரோல் தீராது. டயர் பஞ்சர் ஆகாது. சமதூரம் என்றால் முதலில் போன் செய்தவர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் போன் செய்ய முடியாது, ஏனென்றால் போன் ஒன்றுதான்.

கேள்வி நீண்டுகொண்டே போனது. திரையை உருட்டி உருட்டித்தான் அடியைப் பார்க்க முடிந்தது.

சுயம்பு வந்தான். உருட்டினான். மறுபடி உருட்டினான்.

"அண்ணாச்சி, இது கேள்வியா, வீட்டுப் பத்திரமா? நாலெல்லையும் போட்டிருக்கீங்க."

"படிச்சிட்டு விடைய எழுதுல."

சரியான விடையைத் தாணு முன்பே தளத்தின் சோதனைப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். சுயம்பு விடை எழுதி அனுப்பினான். சிவப்பு. சமதூரத்தில் நின்றவர்களில் வடக்கே நின்றவரை முதலில் ஏற்றியிருந்தான்.

"போன் பண்ணினவன்னு எழுதியிருக்கேம்லா!"

"எங்க?"

"கீழ. பஞ்சருக்குக் கீழ."

"பஞ்சர் வரைக்கும் யாரு அண்ணாச்சி படிப்பா?"

தாணு விறுவிறுவென்று படி இறங்கினார்.

கீழே கடையில் மெர்லின் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். தாணு அவள் எதிரில் போய் நின்றார்.

"கொஞ்சமா எழுதினா புரிய மாட்டேங்கு. நிறைய எழுதினா படிக்க மாட்டேங்கான். குழப்பமே இல்லாத கேள்விய எப்படி எழுதுறது டீச்சர்?"

மெர்லின் கிளாசை நகர்த்தினாள். மேசையில் அது நின்ற இடத்தில் தண்ணீர் வட்டமாக இருந்தது. விரலை அதில் தொட்டு மேசைமேல் '2' என்று எழுதினாள். பக்கத்தில் '4' என்று எழுதினாள். கீழே '3' என்று எழுதி, பக்கத்து இடத்தைச் சும்மா விட்டாள்.

"இந்தக் கேள்வியில ஒரு சொல்லுகூட இல்ல," என்றாள். "அதனால குழப்புத சொல்லும் இல்ல. விடையச் சொல்லுங்க."

"ஆறு."

"ஒன்பது."

"எப்படி ஒன்பது? ரெண்டுக்கு நாலு. இரட்டிப்பு. மூணுக்கு ஆறு."

"ரெண்ட ரெண்டால பெருக்கினா நாலு. மூண மூணால பெருக்கினா?"

தாணு மேசையைப் பார்த்தார். ஆறும் சரியாக இருந்தது. ஒன்பதும் சரியாக இருந்தது.

"இது அநியாயம்," என்றார்.

"யாரு செஞ்ச அநியாயம்?"

அதற்குள் கடைக்காரர் ஈரத் துணியோடு வந்து கேள்வி விடை இரண்டையும் துடைத்துவிட்டுப் போனார். "டீச்சர், பரீட்சைய மாடியில வைங்க. இங்க ஆளு உக்காரணும்."

ஆனாலும் தாணு உட்கார்ந்தார். கோபம் எங்கேயோ நழுவிப்போய் வேறொன்று வந்திருந்தது.

"டீச்சர், அந்த மார்க்குக் கேள்வி. ரெண்டு பேரு ஒரே மார்க்கு வாங்கினா என்ன செய்யணும்னு நினைச்சு எழுதினீங்க?"

"எதுவும் நினைக்கல."

"எதுவுமேயா?"

"ரெண்டு பேரு முதல் மார்க்கு வாங்குவாங்கன்னே எனக்குத் தோணல."

"ஏன் தோணல?"

மெர்லின் சர்பத்தைக் கலக்கினாள். அதை அவள் இதுவரை யோசித்ததில்லை போலிருந்தது. "எங்க கிளாஸ்ல முதல் மார்க்கு எப்பவும் நான் ஒருத்திதான்," என்றாள்.

தாணு சிரித்துவிட்டார். மெர்லினுக்கும் சிரிப்பு வந்தது.

"எனக்குப் போன்," என்றார் தாணு.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீங்க குடிங்க."

அவர் மேலே போனார். கேள்வியைத் திருத்தவில்லை. சுயம்புவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"மக்கா, முதல்ல நான் எழுதின நாலு வரியப் படிச்சேல்லா. படிக்கும்போது உனக்கு எந்த ரோடு தெரிஞ்சுது?"

"எந்த ரோடா?"

"ரோடுன்னு படிச்ச உடனே மனசுல ஒரு ரோடு வரும்லா. அது எது?"

சுயம்பு கண்ணைச் சுருக்கினான். "எங்க தெரு முக்கு ரோடு."

"அதுல ஆட்டோ எப்படிப் போச்சு?"

"வடக்க. அது ஒருவழிப் பாதைலா. தெக்க திரும்பினா போலீஸ் பிடிச்சிருவாரு."

தாணு அப்படியே அவனைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அவருடைய ஆட்டோ வடக்கும் தெற்குமாகத் திரும்பித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. அதே நான்கு வரியில் இவனுடைய ஆட்டோ திரும்பாமல் வடக்கே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்ப பின்னால நிக்கவங்கள என்னல செஞ்ச?"

"அவங்க வேற வண்டி பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

"அட பாவி."

"நீங்க கேக்கவே இல்லியே அண்ணாச்சி."

மெர்லின் மேலே வந்ததும் அவளிடமும் கேட்டார். அவள் யோசிக்காமல் சொன்னாள். "நான் ரோட்டப் பாக்கல. நிக்கிற ஆளு நான். ஆட்டோ எப்ப வரும்னு பாத்துக்கிட்டு நிக்கேன்."

"ஆட்டோவுக்குள்ள இல்லியா நீங்க?"

"இல்ல. கடைசி ஆளா நிக்கேன். எல்லாரையும் ஏத்திட்டு என்ன விட்டுட்டுப் போயிருமோன்னு இருந்துது."

தாணுவுக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இறங்கிப் போய்க் கடைக்காரரிடமும் கேள்வியைச் சொல்லிக் கேட்டார். "பக்கத்துல நிக்கவன் கெழவனா இருந்தா, தள்ளி நிக்க பொம்பளப் பிள்ளைய முதல்ல ஏத்துவான். ஆட்டோக்காரன் புத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். தாணு படியேறும்போதும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே," என்றாள் மெர்லின். "அஞ்சு மணிக்கு அதிக நேரம் இல்ல."

அப்போதுதான் அவருக்குச் சொர்ணம் ஞாபகம் வந்தது. வேலை ஞாபகம் வந்தது.

உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தார். மழை போனது. பெட்ரோல் போனது. பஞ்சர் போனது. போனையும் எடுத்துவிட்டார், அது அவருடைய போன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது.

'ஒரு நேர் ரோட்டில் சிலர் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறார்கள். ஆட்டோ ரோட்டில் இரண்டு பக்கமும் போகலாம். ஒவ்வொரு முறையும், தான் அப்போது இருக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்பவரை ஏற்றும். இருவர் சமதூரத்தில் இருந்தால் வடக்கே நிற்பவரை ஏற்றும். ஏறியவர் எவரும் இறங்குவதில்லை. எல்லாரையும் ஏற்றும்வரை இப்படியே ஓடும். எந்த வரிசையில் ஏறுவார்கள்?'

'எல்லாரையும்' என்ற சொல்லைப் போடும்போது மெர்லினை ஒரு பார்வை பார்த்தார்.

சுயம்பு படித்தான். விடை எழுதினான். பச்சை.

"பரவால்ல அண்ணாச்சி, மனுசன் படிக்கலாம்."

மெர்லினும் படித்தாள். "நல்லாயிருக்கு."

"இனி யாராவது திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க."

"எந்த வரிய?"

"அது தெரிஞ்சா நீங்களே மாத்திர மாட்டீங்களா?"

தாணு மறுபடியும் வரிகளைப் பார்த்தார். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. காலையில் எழுதிய நான்கு வரியும் இப்படித்தான் தெளிவாக இருந்தது.

அனுப்பும் பக்கத்தைத் திறந்தார். பெயர், ஊர், கேள்வி. எல்லாவற்றுக்கும் அடியில் சின்னதாக ஒரு கட்டம். 'படிப்பவர்கள் உங்களிடம் சந்தேகம் கேட்கலாம்.' கட்டத்துக்குள் ஒரு டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

"அந்த டிக்க எடுத்துருங்க அண்ணே," என்றாள் மெர்லின்.

"இது எதுக்கு?"

"விட்டா கேள்விக்குக் கீழ உங்க பேரு வரும். புரியாதவங்க நேரா உங்களுக்கு எழுதுவாங்க."

"உங்க கேள்வியில பேரு இல்லியே."

"நான் எடுத்துட்டேன். எல்லாரும் எடுத்துருவாங்க. தளத்துக்காரங்களுக்கும் அதுதான் பிடிக்கும். பேச்சு குடுத்தா விடை கசிஞ்சிரும்னு பயம். டிக்க விட்டு அனுப்புன யாரையும் அவங்க வேலைக்குச் சேத்து நான் பாத்ததில்ல."

"எனக்கு எழுதுறவங்க நிறைய பேரு இருப்பாங்களோ?"

"ஆயிரக்கணக்குல வந்து படிக்காங்க."

"என்ன கேப்பாங்க?"

"எனக்கு எப்படி அண்ணே தெரியும்?"

தாணு மவுசின் மேல் கையை வைத்துக்கொண்டு கட்டத்தைப் பார்த்தார். ஆயிரம் பேர். ஆளுக்கொரு ரோடு. ஒருவனுடைய ரோட்டில் ரயில்வே கேட் இருக்கும். ஒருத்தியுடைய ரோட்டில் ஆட்டோவே வராது. இன்னொருவன் ரோட்டில் வடக்கு எந்தப் பக்கம் இருக்குமோ. எதை யோசித்தாலும் அது அவரே யோசித்ததாக இருந்தது. ஒருவனுடைய கேள்வியைக்கூட அவரால் முன்கூட்டிக் கேட்க முடியவில்லை. அவர்களே வந்து கேட்டால்தான் உண்டு.

"எடுங்க அண்ணாச்சி," என்றான் சுயம்பு. "வேலை போயிரும். வீட்டுல அண்ணிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"உங்கள மாதிரி சட்டையப் பிடிக்க ஆளுங்கல்லாம் வருவாங்க அண்ணே," என்றாள் மெர்லின். "டிக்க எடுத்துட்டு அனுப்புங்க."

தாணுமாலயன் அனுப்பினார். டிக்கை எடுக்கவில்லை.